ஆமை புகுந்த லேப்டாப்

கணவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்புகிற மனைவி அமைவது பூர்வஜென்மப் புண்ணியம். அந்தப் புண்ணியத்தை நான் பல வருஷம் உட்கார்ந்து தின்றேன். வைஃபை நின்றால் ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, மறுபடி சொருகுவேன். வந்துவிடும். “அப்பா கை வெச்சா சரியாயிடும்டா” என்று மகனிடம் அவள் சொல்வது சமையலறையிலிருந்து கேட்கும். கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். சவூதியின் அல் கோபாரில், அக்ரபியாவில் ஓர் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் குடும்பத்தலைவன் என்ற பதவியில் எனக்கிருந்த மரியாதையில் பாதி அந்த ரவுட்டர் போட்ட பிச்சை. மீதியையும் சேர்த்து ஒரு விஎம் சுருட்டிக்கொண்டு போனது.

விஎம் என்பது வர்ச்சுவல் மெஷின். ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே கட்டி எழுப்பிய இன்னொரு கம்ப்யூட்டர். அதற்குத் தனி மெமரி, தனி டிஸ்க், தனி நெட்வொர்க் கார்டு என்று சகலமும் உண்டு, எல்லாம் பாவனை. உள்ளே ஓடும் விண்டோஸுக்குத் தான் குடியிருப்பது பொய்ப் பெட்டி என்று தெரியாது. தெரியாமலே ஒழுங்காக வேலை பார்க்கும்.

“இருக்கிற ஒரு கம்ப்யூட்டரையே ஒழுங்கா வெச்சுக்க முடியலே, அதுக்குள்ள இன்னொண்ணா?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் என் பிழைப்பில் இருக்கிறது.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆள். தம்மாம், ஜுபைல் பக்கத்து ஆலைகளில் வால்வையும் பம்பையும் ஆட்டிவைக்கும் பிஎல்சி பெட்டிகளோடு பேசுவது என் வேலை. 1990-களில் வந்த சீமென்ஸ் எஸ்7-300 இன்னும் எத்தனையோ பேனல்களுக்குள் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பல வருஷம் முன்னால் எழுதிய புரோகிராமைத் திறக்க நாங்கள் வைத்திருப்பது பழைய ஸ்டெப் 7 மென்பொருள். அந்தப் பழைய பதிப்புக்கு விண்டோஸ் எக்ஸ்பி வேண்டும். எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில்; 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்குக் கைகழுவியாகிவிட்டது. ஆலை முப்பது வருஷம் ஓடும். லேப்டாப் நாலு வருஷம் ஓடினால் அதிசயம். ஆகவே புது லேப்டாப்புக்குள் ஒரு விஎம்மைக் கட்டி, அதில் எக்ஸ்பியைக் குடிவைத்து, அதன் தலையில் ஸ்டெப் 7-ஐ ஏற்றி வைத்துக்கொள்வோம். கிழக்கு மாகாணத்தில் தோள்பையோடு திரியும் ஆட்டோமேஷன் ஆட்களில் பலருடைய லேப்டாப்பிலும் இப்படி ஒரு எக்ஸ்பி பென்ஷன் வாங்காமல் உழைத்துக்கொண்டிருக்கும்.

ஜுபைலில் ஒரு ஷட்டவுன் வேலை வந்தது. ஆலையை நிறுத்திவைத்திருக்கும் சில நாட்களுக்குள் போய், புரோகிராமில் நாலு இடத்தில் கை வைத்துவிட்டுத் திரும்பவேண்டும். வெள்ளிக்கிழமை காலை, இட்லி உள்ளே போன தெம்பில், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைப் பரப்பி விஎம்மைத் தட்டிவிட்டேன்.

எக்ஸ்பி வந்தது. வந்தது என்பதை விட, வந்துகொண்டே இருந்தது என்பது சரி. ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினேன். மெனு வரி வரியாக வெளிப்பட்டது. ‘மை டாக்குமென்ட்ஸ்’ தெரிந்ததும் எழுந்துபோய் டீ போட்டேன். டீயோடு திரும்பியபோது ‘மை கம்ப்யூட்டர்’ வந்துகொண்டிருந்தது. மவுஸை இழுத்தால் அம்பு கொஞ்சம் யோசித்துவிட்டுப் புறப்பட்டது. எல்லாவற்றையும் விட, மூலையில் இருந்த எக்ஸ்பியின் கடிகாரம் சுவர்க் கடிகாரத்துக்கு வெகுதூரம் பின்னால் நின்றது. விஎம்முக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காதபோது அதன் கடிகாரமும் தாமதமாகத்தான் அடிக்கும்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “இதுல இன்னும் பதினொண்ணேகால்தான் ஆவுது. அப்ப மதியச் சாப்பாட்டை இந்த டைமுக்குப் போடட்டுமா, எங்க டைமுக்கா?” என்றாள். பிறகு கீபோர்டின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலை என்னிடம் காட்டினாள். “தொடைச்சுப் பாருங்களேன். ஒரே மண்ணு.”

“இது சாஃப்ட்வேர் பிரச்சினை. மண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை” என்றேன், படித்தவன் குரலில்.

முதல் வைத்தியம் மெமரி. லேப்டாப்பில் இருப்பது 8 ஜிபி. எக்ஸ்பிக்கு 1 ஜிபிதான் கொடுத்திருந்தேன். விஎம்மை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் மெமரியைக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்துகோல் இருக்கிறது. அதன் அடியில் முதலில் பச்சைப் பட்டை, தள்ளிப் போகப்போகச் சிவப்பு. சவூதிச் சாலையில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் சாஹிர் கேமரா படம் பிடித்து, 3,000 ரியாலுக்குக் குறையாத அபராதத்தை மொபைலுக்கு அனுப்பிவைக்கும். அந்த பயத்தில் வண்டியை நிறுத்துகிற நான், கேமரா இல்லாத இந்தச் சாலையில் பச்சையைத் தாண்டிச் சிவப்பை நோக்கித் துணிந்து 6 ஜிபியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

இப்போது ஸ்டார்ட் பொத்தானே தெரியவில்லை.

வளைகுடாவில் பார்ட்டிஷன் தெரியாத தமிழன் கிடையாது. ஒரு ஹாலை ப்ளைவுட் வைத்து மறித்து, கட்டில் போட்டு, மாச வாடகைக்கு விடுவது. கல்யாணத்துக்கு முன்னால் துக்பாவில் அப்படி ஒன்றில் நானும் படுத்திருக்கிறேன். ப்ளைவுட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஹால் ஓரங்குலம்கூடப் பெரிதாவதில்லை. ஒருவன் கால் நீட்டினால் இன்னொருவன் மடக்கவேண்டும், அவ்வளவுதான். விஎம்முக்கும் அதே சட்டம். 6 ஜிபியை எக்ஸ்பி பக்கம் தள்ளியதும் வெளியே இருக்கிற விண்டோஸ் 11-க்கு மிச்சம் 2 ஜிபி. குறைந்தது 4 ஜிபி இல்லாமல் வாசல்படியே மிதிக்காத ஆசாமி அது. படுக்க இடமில்லாமல் தன் தட்டுமுட்டுச் சாமான்களை மெமரியிலிருந்து டிஸ்கில் கொண்டுபோய்ப் போடுவதும், தேவைப்பட்டால் ஓடிப்போய் எடுத்து வருவதுமாக அலைந்தது. எக்ஸ்பி எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கவேண்டியதும் அதே ஆசாமிதான். வீட்டுக்காரனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, பார்ட்டிஷனில் இருப்பவனுக்குத் தண்ணீர் வரவில்லை என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்பிக்கு அந்தக் காலத்தில் மைக்ரோசாஃப்ட் சிபாரிசு செய்த மெமரி 128 எம்பி. நான் கொடுத்தது அதைப்போல 48 மடங்கு. அதிலும் 32 பிட் எக்ஸ்பியால் 4 ஜிபிக்கு மேல் ஏறெடுத்தும் பார்க்க முடியாது. பாக்கியை அது தொடவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

இரண்டாவது வைத்தியம் கோர். பிராசசரில் கோர் நாலு. மெமரியில் விட்டதை இதில் பிடிப்போம் என்று நாலையும் விஎம்முக்கே தாரை வார்த்தேன். அடுத்த அறையில் மனைவி அம்மாவோடு வீடியோ காலில் இருந்தாள். என் லேப்டாப்பில் இல்லை, அவளுடைய டேப்லட்டில். ஆனால் பேச்சின் நடுவே “உங்க மாப்பிள்ளைகிட்ட காட்டறேன்” என்று, பெரிய ஸ்க்ரீனில் தெரியட்டுமென்று, என் லேப்டாப்புக்கு அழைப்பை மாற்றினாள். கும்பகோணத்திலிருந்து மாமியார் வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். நாலு கோரும் எக்ஸ்பியிடம் இருந்தால் வீடியோவை ஓட்ட யார் வருவார்கள்? எத்தனை மெய்நிகர் கோர் கொடுக்கிறோமோ அத்தனைக்கும் நிஜக் கோரில் முறை வரவேண்டும். வெளியே இருக்கும் விண்டோஸும் அதே வரிசையில்தான் நிற்கவேண்டும். ஆகவே எல்லோரும் நின்றார்கள். மாமியார் உறைந்திருந்த அந்தக் கோணத்தில், அவர் பார்வை நேராக என்மேல்தான் இருந்தது.

“என்ன சொல்ல வந்தாங்கன்னு கேட்டுச் சொல்லு” என்றேன்.

“அவங்க சொல்ல வந்தது எனக்கே தெரியும்” என்றாள்.

எக்ஸ்பிக்கு ஒரு கோர் போதும் என்று பிற்பாடு தெரிந்தது. ஒன்றே கொடுத்து, மெமரியையும் 1 ஜிபிக்கே இறக்கினேன். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தேன், ஒரு மாமியாரின் மதிப்பை இழந்த லாபத்தோடு.

அன்றிரவு எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் கேள்வியைப் போட்டேன். கிழக்கு மாகாணத்தில் ஒரு தமிழனுக்குக் கஷ்டம் என்றால் மற்ற தமிழர்கள் கைவிட மாட்டார்கள். கைவிட்டிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன். ஒருவர் பேட்டரி ப்ளானைப் பார்க்கச் சொன்னார். ஒருவர் ஸ்னாப்ஷாட் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார். ஒருவர், திருச்சியிலிருந்து யாராவது வருகிறார்களா, அம்மா கொடுத்துவிடும் நார்த்தங்காய் ஊறுகாயை வாங்கிவர முடியுமா என்று கேட்டார். குழு மொத்தமும் அந்த ஊறுகாய்ப் பக்கம் திரும்பிவிட்டது. நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் மட்டும் தனியாக அழைத்தார். விஎம்மோடு பிறந்தவர் மாதிரி வேலை தெரிந்தவர்.

“விஎம் ஃபைலை எங்கடே போட்டுருக்க?”

“போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்ல, அண்ணாச்சி. லேப்டாப்ல எடம் இல்லே.”

மறுமுனையில் நாக்கு சப்புக் கொட்டும் சத்தம். அண்ணாச்சி கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். கேட்ட துணுக்கு முள்ளுக்கு அடியில் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். முள்ளும் இங்குமங்கும் நகரவேண்டும். ஆக, சிதறிக் கிடக்கும் துணுக்குகளைச் செகண்டுக்கு நூறு தடவை எடுத்தால் பெரிது. எக்ஸ்பி மாதிரி ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கில் இப்படித் துணுக்குத் துணுக்காகத்தான் கேட்கும். எஸ்எஸ்டி ஆனால் சுற்றுவதும் இல்லை, முள்ளும் இல்லை. செகண்டுக்குப் பல ஆயிரம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

“போதாததுக்கு ஆன்டிவைரஸ் ஒவ்வொரு தடவையும் அந்த ஃபைலைத் தடவிப் பாத்துட்டுத்தான் விடும். அந்த ஃபோல்டரை மட்டும் விட்டுருன்னு அதுக்குச் சொல்லு” என்றார். அதையும் செய்தேன். விஎம்மை லேப்டாப்பின் எஸ்எஸ்டிக்கு மாற்ற இடம் பண்ணி, மகனின் பிறந்தநாள் வீடியோக்களைப் போர்ட்டபிள் டிஸ்குக்கு நாடு கடத்தினேன். விஎம்மின் அன்றன்றைய நிலையைப் பிடித்துவைத்த பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழித்தேன். சங்கிலியாக அவை நீண்டால், ஒரு துணுக்கைத் தேட விஎம் ஒவ்வொரு கண்ணியாக இறங்கிப் பார்க்கவேண்டியிருக்கும்.

எக்ஸ்பி கொஞ்சம் நிமிர்ந்தது. டீ போட நேரம் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஆனால் ஒரு பத்து நிமிஷம் ஓடியதும் மறுபடி தள்ளாட ஆரம்பித்தது. அதோடு லேப்டாப் விசிறி எழுப்பிய சத்தத்தில், மகன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜூலை மாதம். கோபாரில் வெளியே 46 டிகிரி. கடல் பக்கத்திலிருந்து புழுக்கம். அதற்கு முந்தின வாரம்தான் ஷமால் காற்று அடித்து, வானம் சாம்பார்ப் பொடி நிறத்துக்கு மாறியிருந்தது. ஜன்னலை எப்படிச் சாத்தினாலும் ஷமால் மண் வீட்டுக்குள் வந்துவிடும். ஏசி ஃபில்டரை மனைவி மாதம் தவறாமல் குழாயடியில் பிடித்துக் கழுவுகிறாள். மேசைமேல் இருக்கும் லேப்டாப்பும் அதே காற்றைத்தான் நாள் முழுக்க உறிஞ்சுகிறது. அதை யார் கழுவியது? பிராசசரின் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். 98 டிகிரி. லேப்டாப் பிராசசர்களில் பெரும்பாலானவை 100 டிகிரி வாக்கில் வந்துவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெயிலில் நடக்கிறவன் நடையைக் குறைக்கிறான். அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

“ஒரு யோசனை தோணுது. உள்ளே தூசி சேர்ந்திருக்கலாம்” என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மகனின் பள்ளிக்கூட வாட்டர்கலர் பிரஷை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அவ்வளவு சுருக்கமாக ஒரு மனிதனைத் திட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடிமூடியின் திருகுகளைக் கழற்றினேன். விசிறி இருந்த இடத்தில் விசிறி தெரியவில்லை. காற்று வெளியேறும் செப்புத் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கம்பளம். சவூதி மண், துணிப் பஞ்சு, தலைமுடி மூன்றையும் சேர்த்து நெய்தது. பிரஷின் நுனியால் ஓரத்தைக் கிளப்பியதும், கிழியாமல் முழுசாகவே கையோடு வந்தது. அதைத் தட்டில் வைத்து மனைவி பக்கத்து ஃபிளாட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மூடியை மாட்டி லேப்டாப்பைத் திறந்தால், சூடு 76-இல் நின்றது. விசிறி அடங்கியது. மகன் கதவைத் திறந்தான்.

இங்கே கதை முடிந்திருக்கவேண்டும். எக்ஸ்பி முடியவிடவில்லை. முன்னைக்கு இப்போது தேவலாம். ஆனால் ஸ்டெப் 7-இல் ஒரு பிளாக்கைத் திறந்தால் இன்னமும் மெல்ல மெல்லத்தான் விரிந்தது. மெமரி சரி, கோர் சரி, டிஸ்க் சரி, சூடு சரி. அப்புறமும் ஏன்?

கோபாரிலிருந்து பக்கம்தான் தஹ்ரான். அங்கே தம்மாம் 7-ஆம் எண் கிணறு இருக்கிறது. 1932-இல் கடலுக்கு அப்பால் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. அதே பாறை அடுக்கை இங்கேயும் தொட்டால் கிடைக்கும் என்று 1935-இல் துளையிட ஆரம்பித்தார்கள். கிணறு மேல் கிணறு. சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் வரவில்லை. மேலிடத்துக்குப் பொறுமை போய்விட்டது. மாக்ஸ் ஸ்டைனெக்கி என்ற புவியியலாளருக்கு மட்டும் நம்பிக்கை போகவில்லை. 7-ஆம் கிணற்றை அந்த அடுக்கோடு நிறுத்தாமல் கீழே கீழே கொண்டுபோனார்கள். 1938 மார்ச்சில், சுமார் 1,440 மீட்டர் ஆழத்தில், பீறிட்டது. நான் இங்கே சம்பளம் வாங்குவது முதல், குழுவில் ஒருவர் நார்த்தங்காய் ஊறுகாய்க்கு வாட்ஸ்அப்பில் ஆள் பிடிப்பது வரை எல்லாம் அந்தக் கிணற்றின் உபயம்.

நானும் இத்தனை நேரம் ஒரே அடுக்கைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன். பார்த்ததெல்லாம் விண்டோஸ் காட்டிய அமைப்புகள். விண்டோஸுக்கும் கீழே என்ன இருக்கிறது?

விஎம் ஜன்னலின் அடிவிளிம்பில் பொடிப்பொடியாகச் சில படங்கள் இருக்கும். அதில் ஒன்று பச்சையாக இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து பார்த்தேன். ஆமை.

கேலிப்படம் இல்லை. வர்ச்சுவல்பாக்ஸை எழுதியவர்களே வைத்திருக்கும் அதிகாரப்பூர்வமான ஆமை. விஎம்மின் ஃபோல்டருக்குள் ‘லாக்’ ஃபைல் ஒன்று இருக்கும். அதைத் திறந்து படித்தேன். ஆயிரம் வரிக்கு நடுவே ஒரு வரி, ஆச்சரியக்குறியோடு: ‘ஸ்னெயில் எக்ஸிக்யூஷன் மோட் இஸ் ஆக்டிவ்!’ அதாவது, நத்தை நடை நடைமுறையில் இருக்கிறது. வெளியே ஆமை, உள்ளே நத்தை.

மனைவியிடம் காட்டியது பிசகாகிவிட்டது. “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு எங்க பாட்டி சொல்லும். யாரு கொண்டாந்து விட்டது இதை?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. ஆமை தானாக வராது. ஹைப்பர்-வி என்று விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஹைப்பர்வைசர் உண்டு. விஎம்களை நடத்தும் மேஸ்திரி. அதை யாராவது எழுப்பிவிட்டால், அது விண்டோஸுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு, பிராசசரில் விஎம்களுக்கென்று இருக்கும் வன்பொருள் வசதியைத் தன் மடியில் வைத்துக்கொள்ளும். வர்ச்சுவல்பாக்ஸுக்கு அது வேண்டுமென்றால் நேராக எடுக்க முடியாது. மேஸ்திரியிடம் மனுப் போட்டு, அவர் கையால் வாங்கவேண்டும். ஒவ்வொரு மனுவுக்கும் நேரம் ஆகும். அந்த நேரத்துக்குத்தான் ஆமைப் படம்.

யார் எழுப்பியது என்று சத்தமாக யோசித்தேன். மகன் அறையில் நாற்காலி நகரும் சத்தம் நின்றது.

பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். லினக்ஸ் பழக வேண்டுமென்று, நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில், என் லேப்டாப்பில் டபிள்யுஎஸ்எல்லை ஏற்றியிருந்தான். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டுகிற வசதி. அதன் இரண்டாம் பதிப்பு அதே ஹைப்பர்வைசரின் மேல்தான் நிற்கிறது.

“ஒரே ஒரு கமாண்டுதாம்பா போட்டேன். ரீஸ்டார்ட் கேட்டுது, பண்ணேன்” என்றான், தரையைப் பார்த்து.

குடும்பத்தலைவன் உபதேசம் செய்ய இதைவிட வசதியான நேரம் அமையாது. மேசையில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்க, நான் ஆரம்பித்தேன். விஎம் என்ன நேற்று முளைத்த சமாசாரமா? 1960-களிலேயே ஐபிஎம் ஆட்கள் ஒரே பெரிய மெயின்ஃப்ரேமை, ஆளுக்கொரு தனி மெஷின் இருப்பதாகத் தோன்றும்படி பங்குபோட்டுக் கொடுத்தார்கள். 1972-இல் விஎம்/370 என்று அதை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

“நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியா?” என்றான்.

“முன்னாடிதான்.”

“அப்ப ஸ்லோவா இருக்கிறதுல ஆச்சரியம் இல்லே” என்றாள் அவன் அம்மா, சாதம் போட்டபடி.

விடாமல் தொடர்ந்தேன். நம் மேசையில் இருக்கும் ரக பிராசசர்கள் விஎம்மை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை இல்லை. 1999-இல் விஎம்வேர் எத்தனையோ தகிடுதத்தம் செய்துதான் இதில் விஎம்மை ஓட்டிக் காட்டியது. 2005-இல் இன்டெல் அந்த உதவியைச் சிப்புக்குள்ளேயே வைத்தது, மறுவருஷம் ஏஎம்டி. அப்படி வந்த வசதியைத்தான் நீ…

“அப்பா, ஒரு டவுட்டு” என்றான் மகன். “ஹைப்பர்வைசர் கீழே இருக்குன்னா, விண்டோஸ் எங்கே இருக்கு?”

“மேலே.”

“அப்ப விண்டோஸும் ஒரு கெஸ்ட்தானே?”

சாம்பாரைப் பிசைந்த கை நின்றது. பையன் சொன்னது சரி. ஹைப்பர்-வி விழித்துக்கொண்டால், அத்தனை நாள் வீட்டுக்காரனாக உலாவிய விண்டோஸே அதன் மேல் ஒரு தடுப்புக்குள் போய்விடுகிறது. அந்தத் தடுப்புக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயரே ‘ரூட் பார்ட்டிஷன்’. மற்ற பார்ட்டிஷன்களை விடக் கொஞ்சம் பெரியது, ஜன்னல் உள்ளது, அதிகாரமும் உண்டு; ஆனாலும் பார்ட்டிஷன். விண்டோஸுக்கு அது தெரியாமலும் இல்லை. தெரிந்தும் தன் வீடு மாதிரியே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறது. இகாமா என்கிற வசிப்பு அனுமதியை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டு, வாடகை ஃபிளாட்டில், ‘இது என் வீடு, என் லேப்டாப்’ என்று கத்திக்கொண்டிருந்த எனக்கு அதன்மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது.

“லினக்ஸைத் தூக்கிடு” என்றேன், பாசத்தை மறைத்துக்கொண்டு.

“ப்ராஜெக்ட் இருக்குப்பா.”

“எனக்கு ஜுபைல் இருக்கு.”

“எனக்கு ரெண்டு பேரையும் சாப்பிட வெச்சுட்டுப் பாத்திரம் கழுவற வேலை இருக்கு” என்றாள் மனைவி. “ஆளுக்கு ஒரு டைம் வெச்சுக்கோங்க. முடிஞ்சுது.”

அவள் சொன்னது பாத்திரக் கணக்கில். மகன் அதை அப்படியே கம்ப்யூட்டரில் செய்துவிட்டான். விண்டோஸ் கிளம்பும் முறையைக் குறித்துவைத்திருக்கும் ஒரு பட்டியல் உண்டு. ‘பிசிடிஎடிட்’ என்ற கட்டளையால் அதைத் திருத்தலாம். இப்போதிருக்கும் முறையை ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் ஹைப்பர்வைசர் எழுந்திருக்கக் கூடாது என்று எழுதிவிட்டான். ஒரே விண்டோஸ், ஒரே டிஸ்க், கிளம்புவதற்கு இரண்டு வழி. ஒன்றில் போனால் மேஸ்திரி விழித்திருப்பார், லினக்ஸ் ஓடும். இன்னொன்றில் மேஸ்திரி உறங்குவார், எக்ஸ்பி ஓடும்.

நான் உடனே லேப்டாப்பை ஷட்டவுன் செய்துவிட்டுத் திரும்பத் திறந்தேன். ஆமை அங்கேயே இருந்தது.

“ஷட்டவுன் இல்லப்பா, ரீஸ்டார்ட்” என்றான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான்; சீக்கிரம் எழுவதற்காக உள்கட்டுமானத்தை அப்படியே டிஸ்கில் மடித்துவைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால்தான் அடியிலிருந்து புதிதாக எழும். முப்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் உபயோகிக்கிறவனுக்கு அணைத்துப் போடுவது எப்படி என்று பிளஸ் ஒன் பையன் வகுப்பு எடுத்தான். மனைவி அந்தச் சமயம் பார்த்துச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தாள். பார்வையாளர் இல்லாமல் ஒரு அவமானம்கூட என் வீட்டில் நடப்பதில்லை.

ரீஸ்டார்ட். விஎம்மைத் தட்டினேன். ஆமையைக் காணோம். எக்ஸ்பி எழுந்தது, ஸ்டார்ட் மெனு அமுக்கின விரலை எடுப்பதற்குள் விரிந்தது, ஸ்டெப் 7 திறந்தது, பிளாக்குகள் சொன்னபடி வந்து நின்றன. மூலையில் கடிகாரமும் சுவரும் ஒரே நேரம் காட்டின. விஎம்மின் நெட்வொர்க் ஒயரைக் கையோடு கழற்றிவிட்டேன். 2014-க்கு அப்புறம் மருந்து பார்க்காத எக்ஸ்பியை இணையத்தில் உலவவிடுவது ஆகாது. விண்டோஸ் 11-இன் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற காவலும் அதே மேஸ்திரியை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே அவர் உறங்கும் வழியில் கிளம்பினால் வெளியே இருக்கும் விண்டோஸுக்கும் இணையம் கிடையாது என்று மகன் விதி போட்டிருக்கிறான். பிஎல்சியோடு பேச எனக்கு யுஎஸ்பி கேபிள் போதும். ஜுபைல் வேலை நல்லபடியாக முடிந்தது. அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஆமை விவரத்தைச் சொன்னேன். “ஆமைன்னா முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாடே?” என்றார்.

இப்போது லேப்டாப்பைத் திறந்தால், விண்டோஸ் வருவதற்கு முன் ஒரு நீலத் திரை வருகிறது. எந்த வழியில் கிளம்புவது என்று கேட்கிறது. இரண்டே வரி. இரண்டுக்கும் பெயர் வைத்தவன் என் மகன். முதல் வரி: ‘நார்மல்’. இரண்டாவது: ‘அப்பா’.

“ஏண்டா, அப்பா நார்மல் இல்லையா?” என்று கேட்டேன்.

“ஏதாவது ஒண்ணு டிஃபால்ட்டா இருக்கணும்லப்பா” என்றான்.

அம்புக்குறியை ஒரு வரி கீழே இறக்கி என்னைத் தேர்ந்தெடுக்க அந்தத் திரை 30 செகண்ட் அவகாசம் தருகிறது. 29, 28 என்று எண்ணி எண்ணி இறங்குகிறது. அதற்குள் யாரும் கை வைக்கவில்லை என்றால் அது பாட்டுக்கு நார்மலுக்குப் போய்விடும். நான் ஊரில் இல்லாத நாட்களில் அது ஒரு தடவையாவது அப்பா பக்கம் போனதா என்று மனைவியைக் கேட்டேன். “எதுக்கு?” என்றாள்.